கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போகும் முன்: ஊர்க்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

செய்தித்தாளின் உள்பக்கத்தில், பத்திரம் தொலைந்துவிட்டது என்ற அறிவிப்புக்கும் ஏல விளம்பரத்துக்கும் நடுவே ஒரு கட்டம் வரும். மேலே தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் பெயர், அதன் கீழே பொடி எழுத்தில் புல எண்கள், ஹெக்டேர் கணக்கு, ஒரு தேதி, ஒரு திருமண மண்டபத்தின் முகவரி. உங்கள் பக்கம் வரப்போகும் ஒரு திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும் முன் ஊர் மக்களின் கருத்தைக் கேட்கும் கூட்டத்துக்கான அறிவிப்பு அது. உங்கள் ஊர்ப் பெயர் அதில் இருந்தால், அன்றிலிருந்து குறைந்தது 30 நாள் உங்கள் கையில் இருக்கிறது. அந்த 30 நாளை எப்படிச் செலவழிப்பது என்பதைப் பற்றித்தான் இந்த வழிகாட்டி.

முதலில் ஒரு கசப்பான செய்தி. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் வாக்கெடுப்பு கிடையாது. ஆயிரம் பேர் எதிர்த்துக் கை தூக்கினாலும் திட்டம் அதனால் நின்றுவிடாது. பத்தே பேர் வந்தாலும் கூட்டம் செல்லும். குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற வரம்பே விதியில் இல்லை. அந்தக் கூட்டத்தின் பலம் எல்லாம் அங்கே பதிவாகும் காகிதத்தில் இருக்கிறது. நீங்கள் எழுப்பிய கேள்வி பதிவானால், திட்டக்காரர் அதற்கு எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும், அனுமதி தரலாமா என்று பரிந்துரைக்கும் நிபுணர் குழு அதைப் பரிசீலித்தாக வேண்டும். பதிவாகாத கேள்வி மண்டபத்தின் மின்விசிறிக் காற்றோடு போயிற்று. பல கூட்டங்களில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஊர் தோற்பது பெரும்பாலும் கூட்டம் நடக்கும் அன்றைக்கு அல்ல, அதற்கு முந்தைய 29 நாட்களில்.

உதாரணத்துக்கு ஒரு கல்குவாரியை வைத்துக்கொள்வோம். துறைமுகம், அனல்மின் நிலையம், ரசாயன ஆலை எல்லாவற்றுக்கும் நடைமுறை ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் தமிழ்நாட்டுக் கிராமங்களில் அடிக்கடி நடப்பது சாதாரணக் கல், கிராவல் குவாரிகளுக்கான கூட்டங்கள். அவற்றைப் பற்றித் தொலைக்காட்சி வராது, தலைவர்கள் வர மாட்டார்கள். ஊர்தான் தனக்குத்தானே பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கூட்டத்தின் இன்னொரு பகுதி, தொலைவில் இருப்பவர்களும் எழுத்து மூலம் கருத்து அனுப்பலாம் என்பது. எனவே சென்னையிலோ துபாயிலோ வேலை செய்யும் உங்கள் ஊர்ப் பிள்ளைகளையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தைப் பற்றித் தெரிய வேண்டிய அளவு

1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1994-இல் முதல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2006 செப்டம்பர் 14 அறிவிக்கை. அதன்மேல் எண்ணற்ற திருத்தங்கள். பெரிய திட்டங்கள் 'ஏ' பிரிவு, அவற்றை டெல்லியில் உள்ள ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் முடிவு செய்யும். 'பி' பிரிவுத் திட்டங்களை மாநில அளவிலான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் முடிவு செய்யும். அது சென்னை சைதாப்பேட்டை பனகல் மாளிகையில் இருக்கிறது. 'பி' பிரிவுக்குள்ளும் பி-1, பி-2 என்று உண்டு. பி-2 என்று முத்திரை குத்திவிட்டால் கருத்துக் கேட்பே கிடையாது.

இந்தக் கடைசி வரியை இரண்டு முறை படியுங்கள். ஒரு திட்டம் எந்தப் பெட்டிக்குள் போடப்படுகிறது என்பதிலேயே பாதிச் சண்டை முடிந்துவிடுகிறது. 2020 ஜனவரி 16 அன்று வந்த ஒரு திருத்தம், எண்ணெய், எரிவாயு இருப்பைத் தேடிக் கிணறு தோண்டும் பணிகளை பி-2 பிரிவுக்கு மாற்றியது. காவிரிப் படுகை விவசாயிகளின் வாய் ஒரே அறிவிக்கையில் மூடப்பட்டது. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது தனிக் கதை.

தூத்துக்குடியை நினைவில் வையுங்கள். ஸ்டெர்லைட் தாமிர ஆலையின் இரண்டாவது அலகு, தொழிற்பேட்டைக்குள் வருகிறது என்ற காரணத்தால் கருத்துக் கேட்பு இல்லாமலே அனுமதி பெற்றிருந்தது. 2018 மே 22 அன்று போராட்டக்காரர்கள் மீது துப்பாக்கிச் சூடு. 13 உயிர்கள் போயின. மறுநாள் மே 23 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு விரிவாக்கப் பணியை நிறுத்திவைத்து, கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த உத்தரவிட்டது. ஒரு நாள் தாமதம் என்று சொல்லலாமா? பல ஆண்டுத் தாமதம்.

குவாரிக்கு வருவோம். பொதுவாக 5 ஹெக்டேருக்கு மேற்பட்ட குத்தகைக்குக் கருத்துக் கேட்பு தேவை. 4.9 ஹெக்டேர் என்று விண்ணப்பம் வந்தால் சந்தேகப்படுங்கள். பக்கத்தில், 500 மீட்டருக்குள், வேறு குவாரிகளும் இருந்தால் எல்லாவற்றின் பரப்பையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். தொகுப்பின் மொத்தப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால் கூட்டம் நடத்தியாக வேண்டும்.

படி 1: அறிவிப்புக்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்

செய்தித்தாளில் அறிவிப்பு வரும்போது திட்டத்துக்குப் பல மாத வயதாகியிருக்கும். விண்ணப்பம், ஆய்வு வரையறை எல்லாம் அமைச்சகத்தின் 'பரிவேஷ்' இணையதளத்தில் ஏற்கெனவே ஏறியிருக்கும். அங்கே மாநிலம், மாவட்ட வாரியாகத் தேடலாம். மாதம் ஒரு முறை உங்கள் மாவட்டத்தைத் தேடிப் பார்க்க ஊரில் ஒரு கல்லூரி மாணவரிடம் பொறுப்பைக் கொடுங்கள். பத்து நிமிட வேலை.

ஆய்வு வரையறை என்பது என்னென்ன விஷயங்களை ஆராய வேண்டும் என்று நிபுணர் குழு திட்டக்காரருக்குக் கொடுக்கும் பட்டியல். அதைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால், திட்டத்தின் பாதிப்புகளை ஆராய்ந்து திட்டக்காரர் தரும் வரைவு அறிக்கை வரும்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கேட்டதில் எது செய்யப்படவில்லை என்று பார்ப்பதற்கு இதைவிட எளிய கருவி இல்லை.

படி 2: வரைவு அறிக்கையைக் கையில் வாங்குங்கள்

அறிவிப்பு ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் வர வேண்டும். வரைவு அறிக்கையும் அதன் சுருக்கமும் மாவட்ட ஆட்சியர் அலுவலகம், ஊராட்சி ஒன்றிய அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், சம்பந்தப்பட்ட உள்ளாட்சி அலுவலகம், அமைச்சகத்தின் வட்டார அலுவலகம் ஆகிய இடங்களில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். வாரியத்தின் இணையதளத்திலும் சுருக்கம் இருக்கும்.

போய்க் கேளுங்கள். 'அப்படி எதுவும் வரவில்லையே' என்று எழுத்தர் சொன்னால் சண்டை போடாதீர்கள். அங்கேயே ஒரு வெள்ளைத் தாளில், இன்ன தேதியில், இன்ன நேரத்தில் வந்து கேட்டேன், அறிக்கை இல்லை என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் அதையே பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையுடன் அனுப்புங்கள். 30 நாள் அறிக்கை மக்கள் கையில் இருக்க வேண்டும் என்பது சடங்குக்காகச் சொன்ன விதி அல்ல. நீதிமன்றத்தில் நிற்கும் விதி. கோவாவின் ஓர் இரும்புத்தாதுச் சுரங்க வழக்கில் 2009 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. அந்த வழக்கைப் பற்றிப் பின்னால் இன்னொரு முறை பேச வேண்டியிருக்கிறது.

மொழி அடுத்த சிக்கல். பெரும்பாலும் முழு அறிக்கை நானூறு பக்க ஆங்கிலத்தில் இருக்கும், தமிழில் பதினைந்து பக்கச் சுருக்கம் இருக்கும். அந்தத் தமிழும் சில நேரம் இயந்திரம் மொழிபெயர்த்த தமிழ். ஆங்கிலத்துக்கே திரும்பிப் போனால்தான் புரியும். தமிழில் கேட்பது உங்கள் உரிமை, தயங்காமல் எழுத்தில் கேளுங்கள். 2020-இல் அறிவிக்கையையே மாற்றி எழுத ஒன்றிய அரசு ஒரு வரைவை வெளியிட்டபோது, அதை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வரைவு, இந்த 30 நாளை 20 நாளாகக் குறைக்கப் பார்த்தது. நாடு முழுவதிலுமிருந்து லட்சக்கணக்கில் ஆட்சேபங்கள் போய்ச் சேர்ந்தன. வரைவு வரைவாகவே நின்றது. இத்தகைய வரைவு விதிகளின் மீது பொதுவாக 60 நாளுக்குள் எவரும் கருத்து அனுப்பலாம். ஒரு மின்னஞ்சல் போதும்.

படி 3: அறிக்கையைப் பின்னாலிருந்து படியுங்கள்

இதுதான் முக்கியமான படி, எனவே இங்கே கொஞ்சம் நிதானிப்போம்.

அறிக்கையின் அமைப்பை அறிவிக்கையே வகுத்திருக்கிறது: 12 அத்தியாயங்கள். முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்கினால் நாட்டின் கனிம வளம், கட்டுமானத் துறையின் தேவை என்று நாற்பது பக்கம் போய்த் தூக்கம் வந்துவிடும். நான் 12-ஆம் அத்தியாயத்தில் தொடங்குவேன். அறிக்கையைத் தயாரித்த ஆலோசகர்கள் யார் என்று அங்கே இருக்கும். அவர்களுக்கு இந்தியத் தர மன்றத்தின் அங்கீகாரம் இருக்கிறதா, அந்த அங்கீகாரம் இந்த வகைத் திட்டத்துக்கு உரியதா, தேதி காலாவதியாகவில்லையா? தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு வழங்கப்பட்டிருந்த அனுமதியை 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நிறுத்திவைத்தது. காரணங்களில் இரண்டைப் பாருங்கள்: அறிக்கை தயாரித்த நிறுவனத்துக்கு உரிய அங்கீகாரம் இல்லை, கேரள எல்லைக்கு அப்பால் உள்ள மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருப்பதால் அது 'ஏ' பிரிவில் வந்திருக்க வேண்டும். மறு ஆண்டே சிறப்புத் திட்டம் என்ற பெயரில் வேறு வழியில் அனுமதி வந்தது என்றாலும், பெரிய விஞ்ஞானத் திட்டமே ஒரு சான்றிதழில் தடுக்கி விழுந்தது என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்து 2-ஆம் அத்தியாயம், திட்ட விவரம். இங்கே ஒரு பென்சிலும் கால்குலேட்டரும் போதும். ஐந்தாண்டுகளில் 3 லட்சம் கன மீட்டர் கல் எடுக்கப்போவதாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 60,000. வேலை நாள் 300 என்றால் நாளுக்கு 200 கன மீட்டர். லாரிக்கு 10 கன மீட்டர் என்றால் 20 லோடு. காலியாகத் திரும்பி வருவதையும் சேர்த்தால் 40 நடை. இனி 4-ஆம் அத்தியாயத்தில் போக்குவரத்துப் பாதிப்பு என்ன கணக்கில் போடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பல அறிக்கைகளில் இந்த இரண்டு கணக்கும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. அந்த 40 நடையும் தொடக்கப் பள்ளி வாசல் வழியாகப் போகிறதா என்பதை அறிக்கை சொல்லாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பிறகு 3-ஆம் அத்தியாயம்: தற்போதைய சுற்றுச்சூழல் நிலை. குத்தகை நிலம் மையப் பகுதி, அதைச் சுற்றி 10 கிலோமீட்டர் சுற்றுப் பகுதி. காற்று, நீர், ஒலி, மண், உயிரினங்கள் என எல்லாவற்றையும் மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தில், மூன்று மாதம் அளந்திருப்பார்கள். அளவீடு மூன்றாண்டுகளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. காற்று அளவிட்ட இடங்களின் பெயர்களைப் பாருங்கள். ஏற்கெனவே ஓடும் குவாரிக்குப் பக்கத்தில், காற்று வீசும் திசையில் ஓர் இடமாவது இருக்கிறதா? காற்றில் மிதக்கும் நுண்துகள் பி.எம். 10-க்கு 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம், அதைவிட நுண்ணிய பி.எம். 2.5-க்கு 60. எல்லா ஊரிலும் எல்லா நாளும் 50-க்கும் 60-க்கும் நடுவே அழகாக வந்திருந்தால் அந்த அழகையே கேள்வியாக்குங்கள்.

உயிரினப் பட்டியலில்தான் வேடிக்கை அதிகம். வட மாவட்டக் குவாரி ஒன்றின் அறிக்கையில், 10 கிலோமீட்டர் சுற்றளவில் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில், வரும் உயிரினம் எதுவும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். அதை நான் வாசித்துக்கொண்டிருந்த திண்ணைக்கு எதிரே, வேலியோரம், மூன்று மயில்கள் மேய்ந்துகொண்டிருந்தன. மயில் முதல் அட்டவணை. ஆய்வாளர் அந்த ஊருக்கு வந்திருந்தால் மயிலின் அகவலைக் கேட்காமல் திரும்பியிருக்க முடியாது.

நகலெடுத்த அறிக்கைகளைக் கண்டுபிடிப்பதும் கடினமில்லை. வேறு மாவட்டத்தின் பெயர், உங்கள் பகுதியில் ஓடாத ஆறு, விளையாத பயிர் எங்காவது தலைகாட்டும். மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில் ஒரு பாக்சைட் சுரங்க அறிக்கையில் ரஷ்யாவில் உள்ள சுரங்கத்துக்கான அறிக்கையிலிருந்து பக்கங்கள் அப்படியே எடுக்கப்பட்டிருந்தது அம்பலமானது. கொங்கணக் கடற்கரைக்கு ரஷ்யக் குளிர்காடு வந்தது இப்படித்தான்.

5-ஆம் அத்தியாயம் மாற்று வழிகள். 'கனிமம் இருக்கும் இடத்தில்தான் தோண்ட முடியும், எனவே மாற்று இல்லை' என்று ஒரு வரி இருக்கும். கடந்து போங்கள். 10-ஆம் அத்தியாயத்தில் சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டத்துக்கான ஒதுக்கீடு ரூபாயில் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

படி 4: உங்கள் சான்றுகளைச் சேருங்கள்

அறிக்கை பொய் என்று சொல்வதற்கு முன், உண்மை எங்கே எழுதியிருக்கிறது என்று காட்ட வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு இருக்கிறது. ஏரி, குளம், ஓடை, மேய்க்கால், பாதை என்று ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை என்பது அதில் பதிவாகியிருக்கும். புல வரைபடமும் கிராம வரைபடமும் வாங்குங்கள். தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளின்படி குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக் குத்தகை தரக் கூடாது. வரைபடத்தில் அளந்து பாருங்கள். பிறகு நிலத்திலும் அளந்து பாருங்கள். வரைபடத்துக்குப் பின்னால் வந்த காலனி வீடுகள் இதில்தான் விட்டுப்போகும்.

கிணறுகளின் பட்டியல் எடுங்கள்: உரிமையாளர் பெயர், ஆழம், சித்திரையில் நீர் மட்டம், ஐப்பசியில் நீர் மட்டம். பக்கத்தில் பழைய குவாரி இருந்தால் வெடி வைத்ததில் விரிசல் விட்ட சுவர்களைத் தேதியுடன் படம் எடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, பழைய குவாரியின் அனுமதி நிபந்தனைகளையும் ஆய்வு அறிக்கைகளையும் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் ஆகும் என்பதால் முதல் நாளே மனு போட்டுவிடுங்கள்.

படி 5: கிராம சபை

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் 30 நாளுக்குள் இவற்றில் ஒன்று விழுந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் சிறப்புக் கூட்டம் கேட்டு ஊராட்சித் தலைவரிடம் எழுதிக் கொடுங்கள்.

குவாரிக்கான அனுமதியைக் கிராம சபை சட்டப்படி ரத்து செய்ய முடியாது. வனப் பகுதிகளில் நிலைமை வேறு: ஒடிசாவின் நியம்கிரி மலையில் 2013-இல் உச்ச நீதிமன்றம் முடிவைக் கிராம சபைகளிடமே விட்டது; 12 கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன. ஆனால் வனம் அல்லாத இடத்திலும் தீர்மானத்துக்கு எடை உண்டு. மேலூர் பக்கம் 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்ததும் அரிட்டாபட்டி வட்டார மக்கள் முதலில் கையில் எடுத்தது கிராம சபைத் தீர்மானத்தைத்தான். டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஊர் கூடித் தேர் இழுப்பது என்றால் இதுதான். ஒரே எச்சரிக்கை: தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வாசித்து, கையெழுத்தாகி, நகல் வாங்கும்வரை இடத்தை விட்டு நகராதீர்கள்.

படி 6: ஆட்சேபத்தை எழுதுவது

பெரும்பாலான மனுக்கள் இப்படி இருக்கும்: 'இந்தக் குவாரி வந்தால் விவசாயம் அழியும், குழந்தைகளின் எதிர்காலம் பாழாகும், எனவே அனுமதிக்கக் கூடாது.' உண்மைதான். ஆனால் இதற்குத் திட்டக்காரர் எழுதும் பதிலும் தயாராக இருக்கிறது: 'உரிய பாதுகாப்பு நடவடிக்கைகள் மேற்கொள்ளப்படும்.' முடிந்தது.

இப்படி எழுதிப் பாருங்கள், எண்கள் மாதிரிக்காக:

'வரைவு அறிக்கையின் 3-ஆம் அத்தியாயம், பக்கம் 61-இல், 1 கி.மீ. சுற்றளவில் நீர்நிலை எதுவும் இல்லை என்று கூறப்பட்டுள்ளது. எங்கள் கிராம அ-பதிவேட்டில் புல எண் 114 ஏரி என்று பதிவாகியுள்ளது, நகல் இணைத்துள்ளேன். இது குத்தகை எல்லையிலிருந்து சுமார் 400 மீட்டரில் உள்ளது. ஏரியின் வரத்துக் கால்வாய் புல எண் 109 வழியாக வருகிறது. இந்தப் பாசனத்தை நம்பி 60 ஏக்கர் நிலம் உள்ளது. கால்வாய்க்கு ஏற்படும் பாதிப்பு அறிக்கையில் ஆராயப்படவில்லை. மழைக்காலத்தையும் உள்ளடக்கி நீரியல் ஆய்வை மீண்டும் நடத்தவும், அதுவரை இந்த அறிக்கையை ஏற்காதிருக்கவும் கோருகிறேன்.'

இதற்குப் பொதுவான பதில் எழுத முடியாது. ஏரி இருக்கிறது அல்லது இல்லை.

ஒரு மனுவில் ஒரு பொருள் போதும். ஐம்பது பேர் ஒரே நகலில் கையெழுத்திட்டால் ஓர் ஆட்சேபமாகக் கணக்கிடுவார்கள். ஒருவர் ஏரி, ஒருவர் லாரி, ஒருவர் வெடிச் சத்தம், ஒருவர் ஆட்டு மந்தை போகும் பாதை என்று பிரித்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தன் வார்த்தையில் எழுதட்டும். கூட்டத்துக்கு முன்பே மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஒரு நகலைக் கூட்டத்துக்கும் எடுத்துப் போங்கள்.

திட்டத்தை முழுதாக எதிர்க்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கல் வேண்டும், சாலை வேண்டும், ஊரில் வேலை வேண்டும் என்று நினைப்பவர்களும் நம் ஊர்க்காரர்களே. அவர்களை எதிர்முகாமில் தள்ளுவதைவிட நிபந்தனை கேட்கச் சொல்லுங்கள்: பள்ளி நேரத்தில் லாரி ஓடக் கூடாது, வெடி வைக்கும் நேரம் நிர்ணயிக்க வேண்டும், கிணற்று நீர் மட்டம் மாதந்தோறும் அளந்து ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வளங்குன்றா வளர்ச்சியை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்பதும், கேடு வராது என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் செய்பவருடையது என்பதும் நம் பாலாற்றங்கரையிலிருந்து நாடு முழுவதற்கும் போன தீர்ப்பு. உங்கள் கோரிக்கைக்கு மேலே அதைக் குறிப்பிடத் தயங்க வேண்டாம்.

படி 7: கூட்டத்தன்று

தலைமை தாங்க வேண்டியவர் மாவட்ட ஆட்சியர், அல்லது கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதி. நடைமுறையில் பல இடங்களில் மாவட்ட வருவாய் அலுவலர் வருவார். யார் வந்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுங்கள். சில ஊர்களில் 'கையெழுத்துப் போட்டால் சம்மதம் என்று எழுதிவிடுவார்கள்' என்று பயந்து ஒதுங்கிவிடுகிறார்கள். பெயருக்குப் பக்கத்திலேயே 'ஆட்சேபிக்கிறேன்' என்று எழுதிவிட்டால் அந்தப் பயம் தீர்ந்தது.

கூட்டம் முழுவதும் வீடியோ எடுக்கப்பட வேண்டும். நீங்களும் எடுங்கள். முன்வரிசை நாற்காலிகள் காலையிலேயே வெளியூர் வேன்களில் வந்தவர்களால் நிரம்பியிருக்கலாம், பிரியாணிப் பொட்டலமும் தயாராக இருக்கலாம். ஆச்சரியப்படாதீர்கள். பேசுகிறவர் பெயரும் ஊரும் சொல்லிவிட்டுப் பேச வேண்டும் என்று தலைமை அதிகாரியிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வேன்காரர்களின் ஆர்வம் பாதியாகக் குறையும்.

கூச்சலிட்டுக் கூட்டத்தை நிறுத்துவது பற்றி ஒரு வார்த்தை. கோபம் நியாயமானது, எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் அறிவிக்கையில் ஒரு பொறி இருக்கிறது. உள்ளூர்ச் சூழ்நிலை காரணமாக மக்கள் சுதந்திரமாகக் கருத்துச் சொல்லும்படி கூட்டம் நடத்த முடியவில்லை என்று அதிகாரிகள் எழுதினால், கூட்டமே தேவையில்லை என்று அனுமதி வழங்கும் ஆணையம் முடிவு செய்யலாம். மேடையைக் கவிழ்ப்பவர் தன் பேச்சுரிமையையும் சேர்த்துக் கவிழ்த்துவிடக் கூடும். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு 2021 ஜனவரியில் அறிவித்த கூட்டம் தள்ளிப்போனது. கொரோனா காலத்தில் கூட்டம் எதற்கு என்று மீனவர்களும் மற்றவர்களும் முன்கூட்டியே எழுப்பிய ஆட்சேபங்கள் அதற்குப் பின்னால் இருந்தன. தள்ளிவைக்கக் கோருவதென்றால் காகிதத்தில், முன்கூட்டியே கோருங்கள்.

பெண்களைப் பேசவையுங்கள். தண்ணீர் எவ்வளவு தூரம், எத்தனை குடம், எந்த மாதத்தில் குழாய் வற்றுகிறது என்ற கணக்கு அவர்களிடம் இருக்கிறது; ஆலோசகரின் நானூறு பக்கத்தில் அது இல்லை.

கடைசியாக, கூட்டம் முடியும்போது எழுந்து போய்விடாதீர்கள். பேசியவற்றின் சுருக்கத்தை அங்கேயே தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும், அன்றே தலைமை அதிகாரி கையெழுத்திட வேண்டும். மதியம் இரண்டு மணி, பசி, பஸ் போய்விடும் என்று ஊர் கலைந்துவிடும் நேரம் பார்த்து இது நடக்கும், அல்லது நடக்காமலே போகும். பத்துப் பேராவது உட்கார்ந்திருந்து, 'வாசியுங்கள் ஐயா' என்று கேட்க வேண்டும். உங்கள் ஆட்சேபம் விடுபட்டிருந்தால் அங்கேயே சொல்லிச் சேர்க்கவைக்க வேண்டும்.

படி 8: கூட்டத்துக்குப் பிறகு

வாரியம் எட்டு நாளுக்குள் நடவடிக்கைக் குறிப்புகளை அனுமதி வழங்கும் ஆணையத்துக்கு அனுப்பும். ஊராட்சி அலுவலகத்திலும் அது ஒட்டப்பட வேண்டும். பிழை இருந்தால் நேராக ஆணையத்துக்கே எழுதலாம்; நகல் திட்டக்காரருக்கு.

பிறகு திட்டக்காரர் உங்கள் கேள்விகளுக்குப் பதில் சேர்த்து இறுதி அறிக்கை கொடுப்பார். நிபுணர் குழு கூடும் தேதியும் அதன் கூட்டக் குறிப்புகளும் பரிவேஷ் தளத்தில் வரும். முன்னே சொன்ன கோவா வழக்கு இங்கேதான் கைகொடுக்கும்: மக்கள் எழுப்பிய ஆட்சேபங்களை நிபுணர் குழு பரிசீலித்தது என்பது போதாது, ஏன் ஏற்கவில்லை என்று காரணம் எழுத வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. அந்தக் குழுவின் தலைவர் அப்போது நான்கு சுரங்க நிறுவனங்களில் இயக்குநராக இருந்தார் என்ற விஷயமும் அந்த வழக்கில்தான் வெளிவந்தது. எனவே உறுப்பினர் பட்டியலையும் ஒரு பார்வை பாருங்கள்.

படி 9: அனுமதி வந்துவிட்டால்

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் வரை ஏற்கலாம். 91-ஆவது நாள் எவ்வளவு நியாயம் இருந்தாலும் கதவு மூடியிருக்கும். அனுமதி ஆணை இணையத்தில் ஏறிய நாளிலிருந்தே நாளை எண்ணத் தொடங்குங்கள். தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மேல்முறையீட்டுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடியினரும் வருமான வரம்பு இல்லாமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கேட்கலாம்.

திட்டக்காரர் விண்ணப்பத்திலேயே எதை மறைத்தார் என்று தேடுங்கள். நல்ல வழக்கு பெரும்பாலும் அங்கே இருக்கும். கோவாவின் மோபா விமான நிலையத்துக்கான அனுமதியை 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்ததற்குக் காரணம், சுற்றியுள்ள காடுகளையும் சூழல் முக்கியத்துவம் வாய்ந்த பகுதிகளையும் விண்ணப்பப் படிவத்தில் சொல்லாமல் விட்டது. அடுத்த ஆண்டு கூடுதல் நிபந்தனைகளோடு தடை நீங்கியது.

படி 10: குவாரி ஓடத் தொடங்கிய பிறகு

பெரும்பாலான ஊர்கள் இந்தப் படிக்கு வருவதே இல்லை. அனுமதி ஆணையில் முப்பது, நாற்பது நிபந்தனைகள் இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் திட்டக்காரர் அவற்றை நிறைவேற்றியதற்கான அறிக்கையைச் சமர்ப்பிக்க வேண்டும். அது பொது ஆவணம். 10-ஆம் அத்தியாயத்தில் குறித்துவைத்த ரூபாய்க் கணக்கு நினைவிருக்கிறதா? அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லையோரம் 500 மரக்கன்றுகள் நடப்பட்டு நன்றாக வளர்ந்து வருகின்றன என்று அறிக்கையில் ஒரு வரி இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் ஒரு நோட்டுடன், நான்கு பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த எல்லை வேலியோரம் நடந்து எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கையை, தேதியுடன், புகைப்படத்துடன், சென்னையில் உள்ள அமைச்சகத்தின் வட்டார அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒப்புகை அட்டையைக் கிராம சபைக் கோப்பில் ஒட்டி வையுங்கள்.